சேதாரக் கணக்கு

வங்கி போய்விட்டது.
போகும்போது பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டது,
பெட்டக அறையைக் கழற்ற முடியவில்லை.
ஒரு சாண் கனத்த இரும்புக் கதவு.
அது மூடிவிடாமலிருக்க
ஆற்றுக்கல் ஒன்றை அண்டக் கொடுத்திருக்கிறோம்.
உள்ளே உருளைக்கிழங்கு.
இருட்டும் குளிரும் அதற்குத்தான் ஒத்துக்கொள்கிறது.

மேற்கு வேல்ஸில் வாரம் மூன்று நாள் திறக்கும் கடை.
ஆளுக்கு இருபத்தைந்து பவுண்டு பங்கு,
மாதம் நாலு மணி நேரம் உடலுழைப்பு.
எனக்கு வாய்த்தது வியாழக்கிழமைத் தராசு.
பணம் எண்ணிக் கொடுத்த கண்ணாடித் துளை வழியே
இப்போது வெங்காயத்தாள் வருகிறது.
ஒடியாமல் இழுக்க ஒரு பக்குவம் வேண்டும்.
முதல் வாரம் மூன்று கட்டு ஒடித்தேன்.

மைரிக் கொண்டுவரும் கீரையில்
இலைக்கு ஏழெட்டு ஓட்டை.
"புழு ருசி பார்த்துத் தேர்ந்தது" என்பார்.
டிராக்டர் கடன் கேட்டு
இதே பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர்.
அன்று கையெழுத்துப் போட எதையும் நீட்டவில்லை அவர்கள்.
இன்று இறக்கிய சரக்குக்குப் போடுகிறார்,
எழுத்து எழுத்தாக, அவசரமே இல்லாமல்.
பின்னால் முட்டைத் தட்டுகளோடு இரண்டு பேர்
நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

அக்டோபர் கூட்டத்தில் அவர் கேட்டது
கிலோவுக்கு முப்பது பென்ஸ் கூடுதல்.
டீசல், விதை, மூன்று முறை வயலேறிய ஆறு,
எல்லாம் சொன்னார். கெஞ்சவில்லை.

நெரிஸ் எழுந்தாள்.
மருத்துவமனையில் இரவில் தரை துடைப்பவள்,
சீருடை மேலேயே கோட்டு.
"முப்பது பென்ஸ் உங்களுக்குச் சில்லறை.
என் வீட்டில் நாலு வாய்.
பேரங்காடியில் ஸ்பெயின் கேரட் பாதி விலை.
இருந்தும் இங்கே வருகிறேன்.
எத்தனை நாள் வருவேன் என்று மட்டும் கேட்காதீர்கள்."

இரண்டு பேர் சொன்னதும் சரி.
அதுதான் சங்கடம்.
ஒருவராவது பொய் சொல்லியிருந்தால்
ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கலாம்.
கைகள் எழுந்தன. பதினெட்டு. பதினெட்டு.
என் கை எதில் இருந்தது என்று சொல்லமாட்டேன்.
தலைமை வகித்த ஐர்வென்
தன் வாக்கையும் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துத் துடைத்து
உறையில் போட்டுக்கொண்டார்.
"அடுத்த மாதம்."

வியாழன். மழை.
இங்கே மழையில்லை என்றால்தான் சொல்ல வேண்டும்.
நெரிஸ் வந்தபோது
மைரிக் வேனை எடுத்திருக்கவில்லை.
ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க
இருவருமே தராசைப் பார்த்தார்கள்.
என் தராசுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை.
பீட்ரூட், ஒன்றரைக் கிலோ. முள் நின்றது.
காசை வாங்கிக்கொண்டு பையை நீட்டினேன்.
என் கைக்கும் அவள் கைக்கும் நடுவே
அது இருந்த ஒரு நொடியில்
மைரிக் ஒரு பீட்ரூட்டைப் போட்டார்,
மண்ணோடு, வாலோடு.
கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த சரக்கு;
அது அவருடையதுகூட இல்லை இப்போது.
போட்டுவிட்டுச் சுவரைப் படித்தார்:
தீயணைப்பு விதிகள்.
நெரிஸ் பையின் வாயை இறுக்கினாள்.
நன்றி என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை.
கதவு திறந்து மூடியதில் கொஞ்சம் சாரல் உள்ளே வந்தது.

சாயங்காலம் ஐர்வென் இருப்பு பார்த்தார்.
ஒன்று குறைகிறது.
கொசுறுக்கு எங்கள் ஏட்டில் கட்டம் இல்லை.
என்னைப் பார்த்தார்.
நான் தீயணைப்பு விதிகளைப் பார்த்தேன்.

சேதாரம் என்ற கட்டத்தில் எழுதினார்:
பீட்ரூட் 1.
பேனாவை மூடாமல் பின்னால் புரட்டினார்.
செப்டம்பர், ஆகஸ்ட்.
லீக் இரண்டு, ஆப்பிள் ஐந்து, முட்டை ஒன்று,
ஒரு வியாழன்கூட
சேதாரமில்லாமல் போயிருக்கவில்லை.
எல்லாம் அவர் கையெழுத்துதான்.
கூட்டினால் எவ்வளவு வரும்?
கூட்டவில்லை.

கதவுக்கு அண்டக் கொடுத்த கல்லைக்
காலால் ஒருமுறை நகர்த்திச் சரிபார்த்துவிட்டு
விளக்கை அணைத்தோம்.